பயிற்சி முடிந்த மறுநாள்

டர்பன்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. தேர்வுத்தாள் திருத்தும் வேலை முடிந்து இன்றுதான் நிதானமாக உட்கார்ந்தேன். அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப நிம்மதி. சொட்டு மருந்தை மறக்காமல் போடச் சொல்.

இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் கேப்டவுனில் மேல்படிப்புக்குச் சேர்ந்துவிட்டாள். இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதிக் கோயில்களில் ஆடிக் கஞ்சி ஊற்றுகிறார்கள். எங்கள் தெருக்கோடி ஆயா இந்த வருடமும் ஒரு வாளி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என்னோடு தமிழ் பேச வேண்டும் என்பதற்காகவே ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போனார். அவர் பேரப் பிள்ளைகளுக்குத் தமிழ் வராது. இந்தக் கதையை உனக்கு ஏற்கெனவே எழுதியிருக்கிறேன்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். சிறுமலை அடிவாரக் கிராமங்களில் முப்பது பெண்களைத் தேர்ந்தெடுத்து மனநல ஆலோசகர்களாகப் பயிற்சி கொடுக்கப் போகிறோம், உங்கள் பல்கலைக்கழகப் பாடத்திட்டம் இருந்தால் அனுப்பு என்று எழுதியிருந்தாய். அனுப்புகிறேன். ஆனால் பயிற்சி முடிந்த மறுநாள் அந்த முப்பது பேருக்கும் பின்னால் யார் நிற்கப் போகிறார்கள் என்று உன் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. இத்தனை வருடம் இதே வேலையில் இருந்துகொண்டு இதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இங்கே தென்னாப்பிரிக்காவில் நடந்ததைக் கேள். 2000களின் தொடக்கத்தில் ‘பதிவு பெற்ற கவுன்சலர்’ என்று ஒரு புதிய தகுதியைக் கொண்டுவந்தார்கள். நான்கு வருடப் படிப்பு, 720 மணி நேரக் களப்பயிற்சி, அப்புறம் ஒரு தேர்வு. கிளினிகல் சைக்காலஜிஸ்ட் ஆக வேண்டுமானால் முதுகலை, இன்டர்ன்ஷிப், ஒரு வருடக் கட்டாயச் சமூகப் பணி என்று பாதை நீண்டுகொண்டே போகும். அதையெல்லாம் முடித்தவர்களில் பெரும்பாலோர் நகரத்தில் தனியாகத் தொழில் தொடங்கிவிடுகிறார்கள். அதனால் கிராமத்துக் கிளினிக்குகளில் இந்தக் கவுன்சலர்கள் உட்காரட்டும் என்று நினைத்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் படிப்பு வந்த வேகத்தில் அரசுப் பணியிடம் வரவில்லை. நான்கு வருடம் படித்து, தேர்வும் எழுதி, கடைசியில் கால் சென்டரிலும் பள்ளி ஆபீசிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களை நினைத்தால் மனம் கனத்துவிடுகிறது.

தேவை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2002 முதல் 2004 வரை நாடு முழுக்க எடுத்த ஒரு பெரிய ஆய்வில், மனநலக் கோளாறு இருந்தவர்களில் நான்கில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருந்தது. 2016-17 கணக்குப்படி மனநலத்துக்கு அரசு செலவிட்ட பணத்தில் 86 சதவீதம் மருத்துவமனையில் சேர்ந்த நோயாளிகளுக்கே போயிருக்கிறது. ஊருக்குள் இருப்பவருக்கு என்ன மிஞ்சும், நீயே பார்.

இப்படிப் பயிற்சி கொடுக்க நாங்கள் போகும் இடங்களில் ஒன்று ம்சிங்கா. துகேலா ஆற்றங்கரை, கல்லும் முள்ளுமான வறண்ட பூமி; ராமநாதபுரத்துக்காரர் யாராவது பார்த்தால் நம்ம ஊர் என்றே சொல்வார். ஆண்கள் தலைமுறை தலைமுறையாக ஜோகன்னஸ்பர்க் பக்கம் பிழைக்கப் போய்விடுவார்கள். மருத்துவ உலகத்துக்கு அந்த ஊர் வேறொரு காரணத்தால் தெரியும். எந்த மருந்துக்கும் எளிதில் கட்டுப்படாத காசநோய் அங்கே பரவியதை 2006-ல் வெளியிட்டார்கள்: 53 நோயாளிகள், அவர்களில் 52 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் எச்.ஐ.வி. சோதனை செய்யப்பட்ட அத்தனை பேருக்கும் அந்தப் பாதிப்பு இருந்தது. மகனையும் மகளையும் புதைத்துவிட்டுப் பேரப்பிள்ளைகளை வளர்க்கும் கோகோக்கள் அங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். பாட்டிமாரை இங்கே கோகோ என்றுதான் கூப்பிடுவோம். துக்கம் அங்கே யாருக்கும் புதிதில்லை, அதை உட்கார்ந்து கேட்க ஆள் இருப்பதுதான் புதிது.

பட்டம் இல்லாதவரால் இதைச் செய்ய முடியுமா என்று உன் டைரக்டர் சந்தேகப்படுவதாக எழுதியிருந்தாய். முடியும். எச்.ஐ.வி. காலத்திலேயே இங்கே அதைப் பார்த்துவிட்டோம். ரத்தப் பரிசோதனைக்கு வந்தவரிடம் முதலில் பேசியதும், முடிவைச் சொன்னதும், 2004-ல் அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.வி. மாத்திரை கொடுக்கத் தொடங்கிய பிறகு அதை விடாமல் சாப்பிட வைத்ததும் பெரும்பாலும் ஊருக்குள்ளிருந்து வந்த சாதாரணக் கவுன்சலர்கள்தான்.

பக்கத்து நாடான ஜிம்பாப்வேயையும் அவருக்குச் சொல். டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-ல் ஹராரேயின் ம்பாரே பகுதியில் 14 பாட்டிமாரை வைத்து ஆரம்பித்தார். கிளினிக்குக்கு வெளியே ஒரு மர பெஞ்சு, அதில் பாட்டியும் வந்தவரும். 2016-ல் வந்த ஆய்வில் 24 கிளினிக்குகளில் 573 பேரைச் சேர்த்துப் பார்த்தார்கள். பாட்டியிடம் பேசியவர்களின் மனச்சோர்வு, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட நன்றாகவே குறைந்திருந்தது. இந்தக் கதையைச் சொன்னால் கேட்கிறவர்கள் எல்லோரும் அந்த பெஞ்சையும் பாட்டியையும் பிடித்துக்கொள்கிறார்கள். பாட்டியின் கையில் 14 கேள்விகள் கொண்ட ஒரு தாள் இருந்ததையும், எந்த அமர்வில் என்ன பேசுவது என்று கையேடு இருந்ததையும், அவருக்கு மேலே மேற்பார்வையாளரும் அவருக்கும் மேலே மருத்துவரும் இருந்ததையும் விட்டுவிடுகிறார்கள். நிதி கொடுப்பவர்களுக்குப் பாட்டியின் போட்டோ போதும். மேற்பார்வையைப் போட்டோ எடுக்க முடியாதே.

வகுப்பில் எது கஷ்டம் என்று கேட்டாயே. காது கொடுத்துக் கேட்பதை நாம் சொல்லித்தர வேண்டியதே இல்லை, கிராமத்துப் பெண்கள் நம்மைவிட நன்றாகக் கேட்பார்கள். புத்தி சொல்லாமல் இருக்கப் பழக்குவது கொஞ்சம் சிரமம். பெரிய சிரமம், சாவைப் பற்றி நேராகக் கேட்க வைப்பது. ‘உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா?’ என்ற கேள்வியை நடித்துப் பழகும் ரோல் பிளேயில்கூட வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கேட்டால் நாமே எண்ணத்தை விதைத்த மாதிரி ஆகிவிடும் என்ற பயம். அப்படி ஆவதில்லை என்று ஆய்வுகள் தெளிவாகச் சொல்கின்றன, கேட்டதும் பல பேருக்குப் பாரம் இறங்கிய மாதிரிதான் இருக்கிறது. போன தொகுதியில் ஒரு பெண், தேவாலயத்தில் சேர்ந்திசை பாடுகிறவள், இந்த ஒரு வரியை ஜூலுவில் தன் சொந்த வார்த்தையில் அமைத்துக்கொள்ள மூன்று நாள் எடுத்துக்கொண்டாள். அவள் வாய்க்கு அது வந்த பிறகு மற்றவர்களுக்கும் வந்தது.

ஆனால் கேள்வியைக் கற்றுக்கொடுத்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. ‘ஆமாம்’ என்று பதில் வரும் ராத்திரியில் அவள் யாருக்குப் போன் செய்வாள்? எங்கள் ஏற்பாட்டில் ஒவ்வொரு நாளும் ஒருவர் போனோடு இருப்போம், என் முறை வரும் வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் போனைத் தலைமாட்டில்தான் வைக்கிறேன். உங்களுக்கு 14416 இருக்கிறது, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசி, அந்த எண்ணை எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கட்டும். இருந்தாலும் உன் பெண்களுக்குப் பேர் தெரிந்த ஒரு ஆள் வேண்டும். இன்னொன்று, உங்கள் பக்கம் பூச்சி மருந்து வீட்டுக்குள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் லட்சுமி விஜயகுமார் குழுவினர், பூச்சி மருந்தை வீட்டில் வைக்காமல் ஊருக்குப் பொதுவான இடத்தில் பூட்டி வைக்கும் ஏற்பாட்டைச் சோதித்துப் பார்த்தார்கள். பயிற்சி தொடங்கும் முன் அதைத் தேடிப் படி. பேச்சு பலன் தருவதற்குள் ஒரு பூட்டு உயிரைக் காப்பாற்றிவிடும்.

ரகசியம் காப்பது இன்னொரு பாடு. ஊரில் எல்லோரும் உறவு. கவுன்சலரின் நாத்தனாரே உதவி கேட்டு வருவாள். எங்கள் பெண்கள் இரண்டு இரண்டு ஊராக மாற்றிக்கொள்கிறார்கள், இவள் ஊர்க்காரர் அவளிடம், அவள் ஊர்க்காரர் இவளிடம். நடை அதிகம். பஸ் காசைத் திட்டத்திலேயே போடு, பின்னால் கேட்டால் யாரும் தர மாட்டார்கள்.

நான் தமிழச்சி, என்னிடம் பயிற்சி பெறும் பெண்கள் ஜூலுக்கள். 2021 ஜூலை கலவரத்தில் இங்கே இந்தியர்கள் அதிகம் வாழும் ஃபீனிக்ஸ் பகுதியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவர். அதற்குப் பிறகு நடந்த முதல் வகுப்பில் ஒரு பெண் எழுந்து, “மா, உங்கள் ஆட்கள் எங்கள் ஆட்களைச் சுட்டார்களே, நீங்கள் எங்களுக்கு ஆறுதல் சொல்லித்தருவீர்களா?” என்று கேட்டாள். அன்றைய பாடத்தை எடுத்து வைத்துவிட்டு அன்று முழுக்க அதையே பேசினோம். எங்கள் குழுவில் ஸ்டாங்கரைச் சேர்ந்த ஒரு தமிழ்ப் பையன் இருக்கிறான். முப்பாட்டனார் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர், அவனோ தோட்டத்துப் பிள்ளைகளோடு வளர்ந்ததால் ஜூலுவில் சண்டையே போடுவான். அன்று அவன் பேசியதை எல்லோரும் கேட்டார்கள். உன் முப்பது பேரில் எல்லாச் சாதியும் இருக்கிறதா என்று பார். காலனிப் பெண் ஒருத்தி மேலத்தெருவுக்குள் போய் உட்கார்ந்து பேச முடியுமா, மேலத்தெரு ஆள் அவளிடம் மனம் திறப்பாரா என்பதையும் வகுப்பிலேயே பேசிவிடு.

‘சமூகமே பார்த்துக்கொள்ளும்’ என்று யாராவது எளிதாகச் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. 2001-ல் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகியதை நாம் மறக்கவில்லை. இங்கே 2016-ல் கௌட்டெங் மாகாணத்தில், லைஃப் எசிடிமெனி என்ற நிறுவனத்தின் விடுதிகளில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனநோயாளிகளைச் ‘சமூகப் பராமரிப்பு’ என்ற பெயரில் தயாராகாத தொண்டு இல்லங்களுக்கு மாற்றினார்கள். பசியிலும் கவனிப்பில்லாமலும் 144 பேர் இறந்ததாகப் பின்னால் நீதிபதி மொசெனெக்கே நடத்திய விசாரணை பதிவு செய்தது. ஆளும் பணமும் மருந்தும் இல்லாமல் ஊர்மேல் பாரத்தை இறக்கினால் இதுதான் நடக்கும்.

அதனால் முப்பது வேண்டாம், மல்லிகா. பத்துப் பேரோடு தொடங்கு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து, அவரவர் கேஸைப் பேசி, அழ வேண்டியவர் அழுதுவிட்டுப் போகும்படி ஒரு கூட்டம், அதை நடத்த ஒரு நல்ல ஆள், அவருக்குச் சம்பளம். பெண்களுக்கும் சம்பளம், ‘சேவை’ என்று சொல்லி ஏழைப் பெண்ணின் நேரத்தை இலவசமாக வாங்காதீர்கள். இதற்கெல்லாம் பணம் ஒதுக்க நிதி கொடுப்பவர் மறுத்தால், பயிற்சியையே தள்ளிப்போடு.

பாடத்திட்டத்தைத் தனியாக அனுப்புகிறேன். அதற்குள், உங்கள் பெண்கள் அனுப்பும் நோயாளியைத் திண்டுக்கல் அரசு மருத்துவமனையில் எந்த டாக்டர் எந்தக் கிழமை பார்ப்பார் என்று விசாரித்து எழுது. மாவட்ட மனநலத் திட்டத்தில் யார் இருக்கிறார்கள் என்பதையும் கேட்டு வை. டிசம்பரில் மதுரை வருகிறேன். ஒரு நாள் சிறுமலைப் பக்கம் கூட்டிக்கொண்டு போ, அந்தப் பெண்களைப் பார்க்க வேண்டும். அண்ணனுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
சரசு