ராத்திரியில் காட்டுக்குள் என்ன தேடுகிறோம்? கான்பரா தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கான்பரா தமிழ்ச் சொந்தங்களுக்கு,

வணக்கம். பொங்கல் விழாவில் சாப்பாட்டு வரிசையில் நின்றபோது ஓர் அண்ணன் கேட்டார்: "ராத்திரியில டார்ச் அடிச்சுக்கிட்டு காட்டுக்குள்ள சுத்துறியாமே, என்னப்பா தேடுற?" பின்னால் பத்துப் பேர் காலித் தட்டோடு நின்றதால், அப்புறம் சொல்கிறேன் என்று நழுவிவிட்டேன். அந்த அப்புறம் இப்போதுதான் வாய்த்தது. அண்ணனுக்கு மட்டும் சொல்லி என்ன பயன், உங்கள் எல்லோருக்குமே ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

நாங்கள் தேடுவது கிரேட்டர் கிளைடர். கங்காருவைப் போல வயிற்றுப் பையில் குட்டி வளர்க்கும் விலங்கு. ஆனால் மரத்தைவிட்டு இறங்குவதே அபூர்வம். சின்னப் பூனை அளவு உடம்பு, அதைவிட நீளமான வால். முழங்கையிலிருந்து கணுக்கால்வரை இருபுறமும் தோல் விரியும். அதை வைத்துக்கொண்டு ஒரு மரத்திலிருந்து நூறு மீட்டர் தள்ளியிருக்கும் இன்னொரு மரத்துக்குக்கூடக் காற்றில் சறுக்கிப் போய்விடும். கைகளை நீட்டிப் பறக்காது. மணிக்கட்டை மோவாய்க்கு அடியில் மடக்கி வைத்துக்கொள்ளும். மார்கழிக் குளிரில் சால்வைக்குள் கையைக் கட்டிக்கொண்டு திண்ணையில் ஒடுங்கும் தாத்தா, அதே கோலத்தில் தலைக்கு மேலே சத்தமில்லாமல் போனால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கும்.

சாப்பாடு, ஏறக்குறைய முழுக்க யூகலிப்டஸ் இலை. நமக்கு அது தைலமரம். நான் புதுக்கோட்டைப் பக்கம். எங்கள் ஊரில் தைலமரக்காடு என்றால் வரிசையாக நட்டு, கொஞ்சம் பருத்ததும் காகித ஆலைக்கு வெட்டி ஏற்றுவது. நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று அதைத் திட்டித்தான் வளர்ந்தேன். இங்கே வந்துதான் கிழட்டுத் தைலமரத்தை முதன்முதலாகப் பார்த்தேன். அடியில் மூன்று பேர் கைகோர்த்தாலும் பிடிபடாது. கிளை ஒடிந்த இடங்களில் பொந்து விழுந்திருக்கும். கிளைடர் புகுந்து படுக்கும் அளவுக்குப் பொந்து விழ, மரத்துக்கு நூற்றைம்பது வயதுக்கு மேல் ஆக வேண்டும். ஒரு பொந்தும் போதாது, ஒவ்வொன்றும் பல பொந்துகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும். ஆண்டுக்கு ஒரே குட்டி. பூட்டன் காலத்து மரத்தை வெட்டிவிட்டுப் புதுக்கன்று நட்டுக் கணக்கை நேர் செய்ய முடியாது என்பது இதனால்தான்.

சரி, இதை ஏன் எண்ண வேண்டும்? 2019-20 காட்டுத்தீயில் இவை வாழ்ந்த காடுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எரிந்தது. 2022-இல் ஆஸ்திரேலிய அரசு இதை அழியும் நிலையில் உள்ள விலங்காக அறிவித்தது. விக்டோரியாவும் மேற்கு ஆஸ்திரேலியாவும் 2024 பிறந்தபோது அரசுக் காடுகளில் தானாக வளர்ந்த மரங்களை விற்பனைக்கு வெட்டுவதை நிறுத்திவிட்டன. நம்மைச் சுற்றியிருக்கும் நியூ சவுத் வேல்ஸில் இன்னும் வெட்டுகிறார்கள். அங்கே ஒரு விதி உண்டு. கிளைடர் குடியிருக்கும் மரம் என்று பதிவானால், அதைச் சுற்றி 50 மீட்டருக்கு ரம்பம் போகக் கூடாது. நல்ல விதிதான். ஆனால் பதிவாக வேண்டுமே! இரவில் நடமாடும் விலங்கைப் பகலில் போய்த் தேடினால் எப்படிப் பதிவாகும்? வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும்போது தெருவில் நடந்து பார்த்துவிட்டு, ஊரில் ஆளே இல்லை என்று எழுதுவது போலத்தான். அப்படித்தான் பல காலம் நடந்தது.

நம் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் இருக்கும் டல்லகண்டா காட்டில், 2023 ஆகஸ்டில் மரம் வெட்டும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளைடர் செத்துக் கிடந்தது. மாநிலச் சூழல் பாதுகாப்பு ஆணையம் வெட்டை உடனே நிறுத்தச் சொன்னது. அடுத்த ஆண்டு விதியும் மாறியது, வெட்டுவதற்கு முன் இருட்டிய பிறகுதான் தேட வேண்டும் என்று. இதில் ஆணையத்தைப் பாராட்டுவதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் காடு பெரிது, தேடும் பாதை சிறிது. வெட்டுகிறவர்களே எண்ணிச் சொல்லும் கணக்கை அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளவும் எனக்கு மனம் ஒப்பவில்லை. வேறு கண்களும் வேண்டும். அதற்குத்தான் உங்களைக் கூப்பிடுகிறேன்.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. தலையில் டார்ச். இரண்டு பேர் மெதுவாக நடப்போம், ஒருவர் இடப்பக்கம், இன்னொருவர் வலப்பக்கம். ஐந்நூறு மீட்டரை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் நடக்க வேண்டும், அவசரப்பட்டால் ஒன்றும் தெரியாது. டார்ச் நம் கண்ணோடு சேர்ந்து திரும்பினால், மேலேயிருந்து இரண்டு வெளிச்சப் பொட்டுகள் திரும்பிப் பார்க்கும். வெண்மஞ்சளாக, ஆடாமல், கொஞ்சம் அகலமாக நின்றால் கிரேட்டர் கிளைடர். சிவந்து தெரிந்தால் பெரும்பாலும் நம் வீட்டுக் கூரையில் தடதடக்கும் அதே போசம். முதல் நாள் நான் தரையெல்லாம் மின்னுகிறதே என்று பரவசப்பட்டு நின்றேன். அத்தனையும் சிலந்திக் கண்கள். பார்த்ததும் நேரம், இடம், மரம், உயரம் எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். அது மாநில அரசின் பயோநெட் பதிவேட்டில் ஏறும்.

கிரேட்டர் கிளைடர் வாயே திறக்காது. அதன் உறவுக்காரனான மஞ்சள் வயிற்றுக் கிளைடர் அப்படியில்லை. வீறிட்டு ஒரு கத்தல், பிறகு தொண்டையில் தண்ணீர் வைத்துக் கொப்பளிப்பதுபோல ஒரு சத்தம். அரைக் கிலோமீட்டர் கேட்கும். ஊராக இருந்தால் முனி அடித்துவிட்டது என்று வேப்பிலையைத் தேடியிருப்பார்கள். என்னோடு வந்த நண்பர் காருக்கே போய்விட்டார்.

நடக்க முடியாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. சொல்லப்போனால் அதுதான் எனக்குப் பிடித்த வேலை. பொந்து மரத்துக்கு எதிரே நாற்காலியைப் போட்டு, சூரியன் மறைவதற்கு முன்பே உட்கார்ந்துவிட வேண்டும். டார்ச் கூடாது, பேச்சு கூடாது, போன் கூடவே கூடாது. வானத்தின் மிச்ச வெளிச்சத்தில் பொந்தின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். போன மே மாதம் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தாள். வீட்டில் தனியாக விட்டுவிட்டு வர மனமில்லாமல் கூட்டிப்போனேன். இரண்டு ஸ்வெட்டர், மேலே என் ஜாக்கெட், தலையில் மப்ளர். "சாமி புறப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கற மாதிரி இருக்குடா" என்று ஒரே ஒரு தடவை கிசுகிசுத்தாள், அவ்வளவுதான். இருபது நிமிடம் போயிருக்கும். பொந்தைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு நான் வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். பொந்தின் வாயில் ஒரு தலை. முறம் மாதிரி இரண்டு காது. அது வெளியே வந்து, கிளையில் உட்கார்ந்து, சாவகாசமாக வாலைத் தொங்கவிட்டது. "ஒட்டடைக்கோல் மாதிரி" என்றாள் அம்மா. படிவத்தில் அப்படி எழுத இடமில்லை, நேரத்தை மட்டும் எழுதினேன். 5.41.

ஊரிலிருந்து வந்து, இங்கே பொழுது போகவில்லை என்று புலம்பும் அப்பா அம்மாக்களை அனுப்பி வையுங்கள். பொறுமையாக உட்கார அவர்களைப் போல நமக்கு வராது.

ஒன்றுமே தென்படாத இரவுகளும் உண்டு. அப்போது பூஜ்யம் என்று எழுத வேண்டும். இது நம்மவர்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு வெறுங்கையோடா என்று ஒரு பையன் "பாதி தெரிஞ்சுதே அங்கிள், ஒண்ணுன்னு போடுங்களேன்" என்று பேரம் பேசினான். போடக் கூடாது. விடுமுறைக்கு ஜெர்விஸ் பே போகிறோமே, அங்கே பூடரீ தேசியப் பூங்காவில் ஒரு காலத்தில் கிரேட்டர் கிளைடர் சாதாரணமாகத் தென்பட்டது. 2000-களின் நடுவில் எண்ணிக்கை சரிந்து, இல்லாமலே போய்விட்டது. ஆண்டுதோறும் ஆய்வாளர்கள் ஒரே இடங்களில் நடந்து எண்ணிக்கொண்டிருந்ததால்தான் அந்த இழப்பு வெளியே தெரிந்தது.

உங்கள் பயங்களும் எனக்குத் தெரியும், வாட்ஸாப்பில் ஏற்கெனவே வந்துவிட்டன. பாம்பு: குளிர் இரவுகளில் அது நம்மைவிடச் சோம்பேறி. திரும்பி வரும் சாலையில் குறுக்கே பாயும் கங்காருதான் உண்மையான ஆபத்து, மெதுவாக ஓட்டுங்கள். காற்று பலமாக இருந்தால் போக மாட்டோம், கிளை விழும். மழையிலும் பனிமூட்டத்திலும் போய்ப் பயனில்லை. விசா: இது போராட்டம் இல்லை, கொடி இல்லை, கோஷம் இல்லை. வெட்டு நடப்பதால் மூடி வைத்திருக்கும் பகுதிக்குள் யாரும் கால் வைக்க மாட்டோம், திறந்திருக்கும் பாதையில் மட்டும் நடப்போம். இரண்டு கட்டுப்பாடுகள் மட்டும்: யூடியூபில் விலங்கின் சத்தத்தைப் போட்டுக் கூப்பிடக் கூடாது, அடையாளம் தெரிந்ததும் டார்ச்சை அதன் கண்ணிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

மே மாத முதல் சனிக்கிழமை டல்லகண்டா காட்டுக்குப் போகிறோம். அன்று ஐந்து இருபதுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், அதனால் மூன்று மணிக்கே கிளம்பி பங்கன்டோர் வழியாகப் போக வேண்டும். தமிழ்ப்பள்ளி முடிந்து நேராக வந்தால் சரியாக இருக்கும். என் வண்டியில் மூன்று இடம் இருக்கிறது. இட்லியும் மிளகாய்ப்பொடியும் நான் கொண்டுவருகிறேன், ஃபிளாஸ்கில் சுக்குக் காப்பி யாராவது பொறுப்பெடுத்துக்கொள்ளுங்கள். மடக்கு நாற்காலி இருப்பவர்கள் ஒன்று கூடுதலாக எடுத்து வாருங்கள். அம்மா மறுபடி வருகிறாள், அதே மரத்தடியில் தனக்கு ஒரு இடம் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறாள்.

அன்புடன்,
பொங்கல் வரிசையில் பதில் சொல்லாமல் போனவன்