ஒரு நாள் முன்னதாகச் சொல்லுங்கள்: நாய் மீட்பு அமைப்பின் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். மீட்கப்பட்ட நாய்களுக்கு நிரந்தர வீடு அமையும் வரை அவற்றை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஃபாஸ்டர் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. சென்ற வாரம் பொம்மி என்ற நாய் எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேர அறிவிப்பில் அழைத்துச் செல்லப்பட்ட விதமும், அதன்பின் வாட்ஸ்அப் குழுவில் நான் கேட்ட கேள்விக்குக் கிடைத்த பதிலும் உங்களுக்குத் தெரியும். அந்தப் பதில் எனக்கு மட்டும் சொல்லப்பட்டதாக இருந்திருந்தால் இதைத் தனி மடலாகவே எழுதியிருப்பேன். ஆனால் "இவ்வளவு ஒட்டுதல் இருந்தால் ஃபாஸ்டர் செய்ய வராதீர்கள்" என்ற சொல் எனக்கு முன்பும் பலரை நோக்கிச் சொல்லப்பட்டிருக்கிறது. அவர்களில் சிலர் இப்போது குழுவிலேயே இல்லை. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

நான் கேட்பது இவ்வளவுதான். நாயை அழைத்துச் செல்வதற்கு ஒரு முழு நாள் முன்னதாகத் தெரிவியுங்கள். தத்தெடுப்பவரிடம் நாங்களே நேரில் ஒப்படைக்க வாய்ப்புக் கொடுங்கள். முதல் மாதத்துக்குள் அது நலமாக இருக்கிறதா என்று ஒரு வரி சொல்லுங்கள்.

அன்று மதியம், வண்டி அரை மணி நேரத்தில் வந்துவிடும் என்று செய்தி வந்தபோது நான் அலுவலகத்தில் இருந்தேன். மகன் பள்ளியில். வீட்டில் என் மாமியார் மட்டும். வண்டி ஓட்டி வந்த தம்பி மரியாதையாகவே நடந்துகொண்டிருக்கிறார். அவர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. வண்டியில் வேறு நாய்களும் இருந்ததால் அவருக்கு நிற்க நேரமில்லை. பொம்மியின் மாத்திரைப் பட்டை சமையலறை அலமாரியிலேயே இருந்துவிட்டது. உண்ணிக் காய்ச்சலுக்கு நான்கு வாரம் விடாமல் கொடுக்கச் சொல்லி மருத்துவர் எழுதிய டாக்ஸிசைக்ளின் அது. பாதியில் நிறுத்தினால் காய்ச்சல் திரும்ப வரலாம் என்பதை உங்கள் தன்னார்வலர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெறும் வயிற்றில் கொடுத்தால் அவள் வாந்தி எடுப்பாள். தயிரோடு கொடுத்தால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. அவளோ தயிர் சோற்றைத் தவிர வேறெதையும் முழுமனதோடு சாப்பிடாதவள். ஆகவே வேகவைத்த கோழி ஈரலுக்குள் மாத்திரையைப் பொதிந்து முதலில் கொடுத்துவிட்டு, தயிர் சோற்றை இரண்டு மணி நேரம் தள்ளி வைப்போம். இது எந்தப் படிவத்திலும் இல்லை. எங்கள் வீட்டில் மட்டுமே இருந்த தகவல்.

மாத்திரையைத் தேடி எடுத்துவிடலாம், புதிதாகவும் வாங்கிவிடலாம். மற்றதை யார் சொல்லியிருப்பார்கள்? கூடுவாஞ்சேரிக்கு அருகில் ஜி.எஸ்.டி. சாலையோரம் அடிபட்டுக் கிடந்தவள் என்பதால், கனரக வண்டியின் ஹாரன் கேட்டால் நடுங்கி நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிடுவாள், அதட்டக் கூடாது. குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். கையை விட்டு இழுத்தால் கடிக்கக்கூடும், ஆனால் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தால் தானே வெளியே வந்து முழங்காலில் தாடையை வைப்பாள். பின்னங்கால் எலும்பில் உலோகத் தகடு வைத்திருப்பதால் மாடிப்படி ஏற விடக் கூடாது. அவள் படுத்துப் பழகிய பழைய பருத்திப் புடவை, புது வீட்டில் முதல் சில இரவுகளுக்கு அந்த வாசனையாவது துணையாக இருக்கட்டும் என்று மடித்து வைத்திருந்தோம். அதுவும் போகவில்லை. இடம் மாறும் நாய்க்கு அச்சம் தணிய மூன்று நாள், வழக்கம் பிடிபட மூன்று வாரம், தன் வீடு என்று நம்ப மூன்று மாதம் ஆகும் என்று பயிற்சிக் கூட்டத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்தவர்கள் நீங்கள்தாம். அந்த முதல் மூன்று நாளில் அவளைப் பிடித்தவரின் கையை அவள் கடித்திருந்தால், பழி அவள் மீதுதானே விழுந்திருக்கும்?

மாலையில் மகன் புத்தகப் பையை இறக்கக்கூட இல்லாமல் பால்கனி வரை போய்த் தேடிவிட்டு வந்தான். எங்கே போயிருக்கிறாள் என்று கேட்டான். சொல்வதற்கு என்னிடம் ஓர் ஊரின் பெயர்கூட இல்லை.

அன்றிரவு நான் குழுவில் கேட்டது இரண்டே விஷயங்கள்: மாத்திரையை எங்கே அனுப்புவது, அவள் சாப்பிட்டாளா. அதற்குத்தான் ஒட்டுதலைப் பற்றிய அறிவுரை கிடைத்தது.

அந்த அறிவுரையை நான் மரியாதையோடு மறுக்கிறேன். எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில், விளக்கை அணைத்து எல்லோரும் அறையை விட்டு வெளியேறிய பிறகுதான் பொம்மி தட்டை நெருங்குவாள். அங்கிருந்து அவள் கையிலிருந்து சோறு வாங்கும் நிலைக்கு வந்தது மருந்தால் அல்ல. நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்திருக்கும்போது இருவர் உடலிலும் ஆக்ஸிடோசின் கூடுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015 இல் எழுதினார்கள். தாய்க்கும் சேய்க்கும் இடையில் சுரக்கும் அதே ஹார்மோன். மனிதரை மறுபடி நம்பு என்று ஒரு நாய்க்குக் கற்றுக் கொடுக்கச் சொல்லி எங்களிடம் விடுகிறீர்கள். எங்கள் மனத்தை ஒதுக்கி வைத்துவிட்டு அதை எப்படிக் கற்றுக் கொடுப்பது?

இந்தத் தற்காலிக வீடுகள் இல்லாமல் உங்கள் பணி நடக்காது என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. குட்டிகளின் உயிரைப் பறிக்கும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தடுப்பூசித் தவணைகள் முடியாத குட்டிகளைக் காப்பகத்தில் நெருக்கி வைத்தால் என்ன ஆகும் என்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், 2023 இன்படி கருத்தடை செய்த தெருநாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். ஆனால் தாயை இழந்த குட்டியையும் கால் ஒடிந்த நாயையும் சாலையில் விட முடியுமா? அவற்றை ஏற்கும் வீடுகள் குறைவு. ஒரு நாயை ஒரே அடியாக இழந்தவர்கள், அடுத்த நாயைத் திருப்பித் தர மனமின்றித் தாங்களே வைத்துக்கொள்கிறார்கள். அல்லது இனி வேண்டாம் என்று கதவைச் சாத்திவிடுகிறார்கள். இரண்டிலும் நீங்கள் ஒரு வீட்டை இழக்கிறீர்கள். முறையாக விடைகொடுக்க முடிந்தவர்கள்தாம் அடுத்த நாய்க்கு இடம் கொடுக்கிறார்கள். முந்தைய குட்டியை மடிப்பாக்கத்து வீட்டாரின் கையில் நாங்களே கொடுத்தோம். திரும்பும் வழியெல்லாம் மகன் அழுதான். ஆனால் அவர்கள் வீட்டுச் சோபாவில் அது தூங்கும் படம் வந்ததும், "அடுத்தது எப்போது வரும்?" என்று கேட்டவனும் அவன்தான்.

இந்தத் துயரத்தை வெளியில் சொல்லிக்கொள்ள எங்களுக்கு இடமில்லை. வீட்டு உரிமையாளருக்கு நாய் என்றாலே தொல்லை. அடுக்ககச் சங்கத்துக்கு மின்தூக்கி அழுக்காகிறது என்ற கவலை. உறவினர்களுக்கு "நாய்தானே", அலுவலகத்தில் "உங்கள் நாய்கூட இல்லையே". சமூகம் துயரமென்றே ஏற்காத துயரங்கள் உண்டு என்றும், அவை ஆறுவது கடினம் என்றும் துயரம் பற்றி ஆராய்ந்த கென்னத் டோகா 1989 இலேயே விளக்கியிருக்கிறார். மற்றவர்கள் அப்படிப் பேசுவது எங்களுக்குப் பழகிவிட்டது. நாய்களுக்காகவே இயங்கும் உங்களிடமிருந்தும் அதே சொல் வந்ததைத்தான் ஏற்க முடியவில்லை.

உங்கள் சிரமங்களை நான் அறியாதவள் அல்ல. இரவு இரண்டு மணிக்கு அழைப்பு வந்தாலும் எழுந்து ஓடுகிறவர்கள் நீங்கள். தத்தெடுக்க வருபவர் மனம் மாறுவதற்குள் ஒப்படைத்துவிட வேண்டும் என்ற அவசரமும் புரிகிறது. ஒரு நாள் பொறுக்காத மனம் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஒரு நாயைப் பொறுக்குமா என்பதையும் சேர்த்து யோசியுங்கள். பராமரிப்பாளர்கள் சிலர் புது வீட்டாரை ஓயாமல் அழைத்துத் தொந்தரவு செய்ததாக நீங்கள் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். அப்படியானால் அவர்களுடைய எண் எங்களுக்கு வேண்டாம். செய்தி உங்கள் வழியாகவே வரட்டும்.

ஆகவே மீண்டும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்: ஒரு நாள் முன்னறிவிப்பு, நேரில் ஒப்படைக்கும் வாய்ப்பு, பிறகு ஒரு வரிச் செய்தி. இந்த மூன்றையும் பராமரிப்பாளர்களோடு நீங்கள் செய்துகொள்ளும் ஒப்பந்தப் படிவத்திலேயே சேர்த்துவிடுங்கள். தீபாவளி வெடிச் சத்தத்துக்கு மிரண்டு வழிதவறி ஓடும் நாய்கள் ஆண்டுதோறும் உங்களிடம் வந்து சேர்கின்றன. அப்போது எங்களைப் போன்ற வீடுகளைத்தான் தேடுவீர்கள். அதற்கு முன் நடக்கும் குழுக் கூட்டத்தில் இதை முடிவு செய்து, எல்லோருக்கும் எழுத்தில் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன். பொம்மியின் மாத்திரைகளையும் புடவையையும் எங்கே கொண்டுவந்து தர வேண்டும் என்பதை மட்டும் இன்றே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தாம்பரத்திலிருந்து ஒரு ஃபாஸ்டர் பராமரிப்பாளர்