பெயர் தெரியாத அந்த மாட்ரிட் அம்மாவுக்கு நன்றி

இந்தப் புத்தாண்டு இரவு நாங்கள் மாட்ரிட்டில், புவேர்தா தெல் சோல் சதுக்கத்தில் இருந்தோம். நள்ளிரவு மணியின் ஒவ்வோர் அடிக்கும் ஒன்றாக 12 திராட்சை சாப்பிடுவது ஸ்பெயின்காரர்களின் வழக்கம். 1866 முதல் ஓடும் சதுக்கத்துக் கோபுரக் கடிகாரத்தின் கீழே நிற்க இடமில்லாத கூட்டம், நல்ல குளிர்.

பக்கத்தில் நின்ற, கம்பளிக் குல்லா போட்ட ஓர் அம்மா என் மகள் கையிலிருந்த விதையுள்ள திராட்சையைப் பார்த்துத் தலையாட்டினார். தோலுரித்து விதை நீக்கியது ஒரு டப்பா தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அப்புறம் சைகையிலேயே பாடம் எடுத்தார்: முதலில் கோபுரத்தின் மேலேயிருந்து ஒரு பந்து இறங்கும், பிறகு கால்மணி நேரத்தைச் சொல்லும் மணியோசை நான்கு, இரட்டை இரட்டையாக. அதுவரை வாயைத் திறக்கவே கூடாது! அதன் பிறகுதான் அந்த 12.

எங்களைச் சுற்றிச் சிலர் கால்மணிக்கே சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். மகள் சரியாகக் காத்திருந்தாள். மூன்று நொடிக்கு ஓர் அடி, பிள்ளைகளுக்கு அது வேகம்தான். அந்த அம்மா தன் திராட்சையை மறந்து, அவள் முன்னால் விரல் மடக்கி எண்ணிக்கொண்டே இருந்தார்.

கட்டியணைத்து வாழ்த்திவிட்டுக் கூட்டத்தில் போய்விட்டார், பெயர்கூடக் கேட்க முடியவில்லை. அம்மா, எங்கள் வீட்டார் எல்லோருடைய மனமார்ந்த நன்றி. நீங்கள் நல்லா இருக்கணும்.