கொடிக்கு முன் கிளையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசியலுக்கு வர விரும்பும் இளைஞர்கள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ‘இருக்கிற கட்சி எதுவும் சரியில்லை, புதிதாகத் தொடங்குவதுதான் நேர்மை’ என்று அதில் சிலர் சொல்லியிருந்தார்கள். அந்த ஆதங்கம் எனக்கு நன்றாகவே புரிகிறது. இதே பேச்சைப் பேசிக்கொண்டு ஒரு காலத்தில் நானும் ஓர் அறையில் உட்கார்ந்திருந்தவன்.

நாங்கள் இருபத்துமூன்று பேர். முதல் கூட்டம் மூன்று மணி நேரம் நடந்தது. பாதி நேரம் கொடியின் நிறத்துக்கும் கட்சியின் பெயருக்குமே போய்விட்டது. கொள்கை அறிக்கை எழுத நால்வர் முன்வந்தார்கள்; வீடு வீடாகப் போய் உறுப்பினர் சேர்க்க ஒருவரும் கை தூக்கவில்லை. கடைசியில் பின்வரிசையில் இருந்த மூத்த பெண்மணி ஒருவர் எழுந்து, “வாக்குப்பதிவு அன்னிக்குக் காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் சாவடிக்குள்ள யாரு உட்காரப் போறீங்க?” என்று கேட்டார். நாங்கள் நிற்க நினைத்த தொகுதியில் இருநூறுக்கும் மேற்பட்ட சாவடிகள். உள்ளே வாக்காளர் பட்டியலோடு ஒருவர், வெளியே இருவர் என்று வைத்தாலும் அறுநூறு பேர் வேண்டும். அவர் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. எட்டு மாதத்தில் அந்த முயற்சி ஓய்ந்தது. சண்டை எதுவும் இல்லை. ஒவ்வொருவராக வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

கட்சியைப் பதிவு செய்வது கடினமே இல்லை. இந்தியாவில் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள நூறு உறுப்பினர்கள் இருந்தால் தேர்தல் ஆணையத்திடம் விண்ணப்பிக்கலாம். அப்படிப் பதிவாகி, ஆறு ஆண்டுகளாக ஒரு தேர்தலில்கூட நிற்காமல் கிடந்த 334 கட்சிகளை 2025 ஆகஸ்டில் ஆணையம் பட்டியலிலிருந்து நீக்கியது. அவற்றில் சிலவாவது எங்கள் அறையைப் போன்ற ஓர் அறையில்தான் பிறந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

தொடங்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, தங்கள் நாட்டில் வாக்கு எப்படி இடமாக மாறுகிறது என்பதை. இதற்கு 1983ஆம் ஆண்டே போதும். பிரிட்டனில் தொழிற்கட்சியிலிருந்து வெளியேறிய முன்னாள் அமைச்சர்கள் நால்வர் 1981இல் சமூக ஜனநாயகக் கட்சியைத் தொடங்கினார்கள். லிபரல் கட்சியோடு கூட்டணி வைத்து 1983 தேர்தலில் 25.4 சதவீத வாக்கு வாங்கினார்கள். கிடைத்தது 650இல் 23 இடம். அவர்களைவிட இரண்டு சதவீதம் சொச்சம் மட்டுமே கூடுதலாக வாங்கிய தொழிற்கட்சிக்கு 209 இடம்! அதே ஆண்டு மேற்கு ஜெர்மனியில், தொடங்கி மூன்றே ஆண்டுகளான பசுமைக் கட்சி வெறும் 5.6 சதவீத வாக்கில் 27 இடங்களோடு நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது. அங்கே வாங்கிய வாக்குக்கு ஏற்ப இடம் தரும் விகிதாச்சாரமுறை, 5 சதவீதத்தைத் தாண்டினால் இடம் உண்டு. பிரிட்டனிலோ தொகுதியில் முதலில் வருபவருக்கே எல்லாம். இந்தியாவிலும் மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் அதே முறைதான். இந்த முறையில், எல்லா ஊரிலும் கொஞ்சம் கொஞ்சம் ஆதரவு உள்ள புதுக் கட்சி எங்கும் ஜெயிக்காது.

அதற்காகப் புதுக் கட்சியே கூடாது என்று சொல்ல வரவில்லை. கெய்ர் ஹார்டி என்ற சுரங்கத் தொழிலாளி 1888இல் லிபரல் கட்சியிடம்தான் முதலில் வேட்பாளர் வாய்ப்புக் கேட்டார். கொடுக்கவில்லை. தனியாக நின்று 617 வாக்கு வாங்கிக் கடைசியாக வந்தார். தொழிலாளியை வேட்பாளராக்க மனமில்லாத கட்சியின் வாசலில் எத்தனை காலம் நிற்பது? 1900இல் தொழிற்சங்கங்களின் துணையோடு தொழிற்கட்சி உருவானபோது அவரும் முன்னணியில் இருந்தார். அது ஆட்சியில் அமர 1924 வரை ஆனது. கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனவர், போகும்போது தனியாகவும் போகவில்லை. நம் கண்முன் உள்ள திமுகவும் அப்படித்தான். 1949இல் தொடங்கியவர்கள் திராவிடர் கழகத்தில் ஏற்கெனவே பல ஆண்டுகள் உழைத்தவர்கள். தேர்தலில் நிற்பதா என்பதையே 1956 திருச்சி மாநாட்டில் வந்தவர்களிடம் வாக்கெடுத்துத்தான் முடிவு செய்தார்கள். அடுத்த ஆண்டு 15 இடம், 1967இல் ஆட்சி. பதினெட்டு ஆண்டுகள்.

சேர்வதும் லேசான காரியம் இல்லை. எங்கள் முயற்சி ஓய்ந்த பிறகு நான் ஒரு கட்சியில் சேர்ந்தேன். முதல் ஆண்டு முழுக்க நாற்காலி போட்டேன், துண்டறிக்கை கொடுத்தேன். இரண்டாம் ஆண்டு, பதினோரு பேர் இருந்த கிளைக் கூட்டத்தில், பொதுக் கழிப்பறையை இரவில் பூட்டக் கூடாது என்று நான்கு வரித் தீர்மானம் எழுதிக் கொடுத்தேன். அது மேல்குழுவுக்குப் போய், உள்ளாட்சித் தேர்தல் வாக்குறுதியில் ஒரு வரியாக வந்தது. அந்த இருபத்துமூன்று பேரின் கொள்கை அறிக்கை முழுவதும் செய்யாததை அந்த ஒரு வரி செய்தது. ஆனால் அதே கட்சி மேலிருந்து அனுப்பிய, எனக்குத் துளியும் மதிப்பில்லாத ஒருவருக்காகவும் வாக்குக் கேட்டுப் போனேன். அந்த நாட்களில் எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. இந்தியாவில் 1985இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு, அவையில் எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி இடும் கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போகலாம். ஆகவே மாறுபட்ட கருத்தைச் சொல்ல வேண்டிய இடம் கட்சிக் கூட்டம்தான். அங்கே வாயைத் திறக்க முடியாது என்றால் அந்தக் கட்சியில் சேர்ந்து பயனில்லை.

சேர நினைப்பவர்கள் தலைவரின் பேச்சைக் கேட்பதோடு நிற்காமல் கட்சியின் சட்டதிட்டத்தைக் கையில் எடுக்க வேண்டும் என்று நான் கெஞ்சிக் கேட்பது இதனால்தான். கிளைச் செயலாளரை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்களா, மேலிடம் நியமிக்கிறதா? வேட்பாளரை யார் முடிவு செய்கிறார்கள்? உட்கட்சித் தேர்தல் கடைசியாக எப்போது நடந்தது?

தங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு கட்சியின் சட்டதிட்டமும் இந்தக் கேள்விகளுக்கு என்ன பதில் சொல்கிறது என்பதை, தேர்தல் காலத்துக்கு முன்பே, வாரம் ஒரு கட்சியாகத் தாங்கள் வெளியிட வேண்டும். அந்த இளைஞர்கள் முடிவெடுக்கும் முன் அதைப் படிக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகர்