சின்னவளின் மேற்படிப்பு: சித்திக்கு ஒரு கடிதம்

மெல்போர்ன்

அன்புள்ள சித்திக்கு,

இங்கே எல்லோரும் சுகம். சித்தப்பாவுக்கு முட்டிவலி தேவலையா? சின்னவளை இங்கே ஆஸ்திரேலியாவில் மழலையர் கல்வியில் சேர்ப்பதா, பொருளாதாரத்தில் சேர்ப்பதா என்று கேட்டிருந்தீர்கள். “பிள்ளை பார்த்துக்க நாலு வருஷப் படிப்பா?” என்று சித்தப்பா சிரித்தாராமே, அவருக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்பும் ஏஜென்ட் சொல்வதைச் சலித்துப் பாருங்கள். இங்கே இந்தத் துறையில் சர்டிபிகேட் 3, டிப்ளமோ, பட்டம் என்று மூன்று படி உண்டு. முதல் இரண்டில் ஒன்றை முடித்தவர் எஜுகேட்டர்; பட்டம் முடித்தவர்தான் டீச்சர். டிப்ளமோவையே டீச்சர் படிப்பு என்று ஏஜென்ட் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். பட்டமாகவே இருந்தாலும், அசெக்வா என்ற தேசிய அமைப்பின் அங்கீகாரப் பட்டியலில் அது இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

பட்டப்படிப்பில் ஆளை வாட்டுவது ‘பிராக்’ எனப்படும் நேரடிப் பயிற்சி. நான்கு வருஷத்தில் குறைந்தது 80 நாள், அதில் 10 நாளாவது மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளோடு. டயப்பர் மாற்றுவது, தூங்கவைப்பது, வெளியே விடும்முன் சன்ஸ்கிரீன் தடவித் தொப்பி மாட்டுவது எல்லாம் பயிற்சியில் சேர்ந்ததுதான். சம்பளம் கிடையாது. 2025 ஜூலையில் அரசு தொடங்கிய பிராக் உதவித்தொகையும் நம்மைப் போல் விசாவில் வருபவர்களுக்கு இல்லை. மாணவர் விசாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை பார்க்கலாம். கட்டாய பிராக் அந்தக் கணக்கில் வராது. வராவிட்டால் என்ன, பகல் முழுக்கக் குழந்தைகள் சென்டரில் நின்றவள் அதற்குமேல் எந்த வேலைக்குப் போவாள்? அந்த வாரங்களின் வாடகையை முன்னாடியே எடுத்துவைக்காத பிள்ளைகள்தான் நடுவில் திணறுகிறார்கள்.

பிராக்கில் மதிப்பெண் போவது பெரும்பாலும் குழந்தையைக் கவனித்துக் குறிப்பெழுதுவதில். “ரொம்ப சந்தோஷமாகக் கட்டை அடுக்கினான்” என்று எழுதினால் செல்லாது. சந்தோஷம் என்பது நம் ஊகம். “வயது 3 வருஷம் 4 மாதம். ஆறு கட்டை அடுக்கினான். ஏழாவது வைத்ததும் சரிந்தது. அடியிலிருந்த சிறிய கட்டையை எடுத்துவிட்டுப் பெரியதை வைத்து மறுபடி தொடங்கினான்” என்று கண்ணில் பட்டதை எழுத வேண்டும். பிறகு அதை தேசியப் பாடத்திட்டத்தின் ஐந்து இலக்குகளில் ஒன்றோடு பொருத்த வேண்டும். இது நான்காவது, அதாவது நம்பிக்கையோடும் ஈடுபாட்டோடும் கற்பது. கடைசியாக, நாளைக்கு அவனுக்கு என்ன கொடுப்பது என்ற திட்டம். அதில் “இன்னும் கட்டைகள்” என்று மட்டும் எழுதினால் மேற்பார்வையாளர் திருப்பிக் கொடுத்துவிடுவார். அகலமான பலகை, சாய்வான தரை என்று ஏதாவது புதுச் சிக்கல் வேண்டும்.

பொருளாதாரப் பட்டம் இங்கே மூன்று வருஷம். பிராக் இல்லை, பயமெல்லாம் கணக்கில். முதல் வருஷத்தை எப்படியும் தாண்டிவிடலாம். இரண்டாம் வருஷ நுண்பொருளியலிலும் எக்கனாமெட்ரிக்ஸிலும் (புள்ளிவிவரத்தை வைத்துப் பொருளாதாரத்தை அளக்கும் பாடம்) வகைநுண்கணிதம், அதாவது கால்குலஸ், வராதவர்கள் உட்கார்ந்துவிடுகிறார்கள். பிளஸ் டூவில் சின்னவள் கணக்கு எடுத்திருந்தால் கவலை வேண்டாம்.

இரண்டு படிப்பும் தொட்டுக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. எனக்கு அதுதான் ருசியான பகுதி. மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் மூன்று வயதுக்குக் கீழே நான்கு குழந்தைக்கு ஓர் ஊழியர், அதற்கு மேல் 11 பிள்ளைக்கு ஒருவர் என்பது விதி. 12 கைக்குழந்தைகளுக்கு வேண்டிய அதே மூன்று பேர் 33 பெரிய பிள்ளைகளைப் பார்க்கலாம். கட்டணத்தில் மட்டும் அந்த அளவு வித்தியாசம் இருக்காது. கைக்குழந்தைக்கு இடம் கிடைப்பது ஏன் குதிரைக்கொம்பு என்று புரிகிறதா?

இன்னொன்று: சின்னக் குழந்தைகளின் கல்விக்குச் செலவு இன்று, பலன் இருபது வருஷம் கழித்து. அன்று வரும் 100 டாலரின் இன்றைய மதிப்பு 3 சதவீத வட்டியில் சுமார் 55 டாலர், 7 சதவீதத்தில் சுமார் 26 தான். எந்த விகிதத்தை எடுப்பது என்பதிலேயே பாதிச் சண்டை. அமெரிக்காவில் 1960களில் 123 பிள்ளைகளை வைத்து நடந்த பெர்ரி மழலையர் பள்ளி ஆய்வை எடுத்து, வருஷத்துக்கு 7 முதல் 10 சதவீத ஆதாயம் என்று பொருளாதார நிபுணர் ஜேம்ஸ் ஹெக்மனின் குழு கணக்கிட்டது. எண்ணிக்கை சிறிது, அதை வைத்து நாடு முழுவதற்கும் தீர்ப்பு எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. நம் ஊர் அங்கன்வாடிகளில் பொருளாதார நிபுணர் கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட மூவர் செய்த ஆய்வு இன்னும் உறுதியானது. குலுக்கலில் தேர்ந்த மையங்களுக்குக் கூடுதலாக ஓர் ஊழியரைப் போட்டுப் பார்த்தார்கள். பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது.

என் யோசனை இது. பொருளாதாரத்தில் இளங்கலையை ஊரிலேயே முடிக்கட்டும், செலவு எத்தனையோ மடங்கு குறைவு. அதன்பிறகும் குழந்தைகள் பக்கம் மனம் போனால், மழலையர் கல்வியில் இரண்டு வருஷ முதுகலைக்கு இங்கே வரலாம். எந்தத் துறைப் பட்டத்தையும் ஏற்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு, பிராக்கும் 60 நாள்தான். ஆனால் இங்கே டீச்சராகப் பதிய ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் பேசுவதிலும் கேட்பதிலும் 8, வாசிப்பதிலும் எழுதுவதிலும் 7, சராசரி 7.5 வேண்டும். பேசுவதில் 8 எடுக்கத்தான் நாளாகும், இப்போதே தொடங்கச் சொல்லுங்கள். அவளுடைய பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பிவையுங்கள், கணக்கு மார்க்கைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசலாம்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகள்