பதினொன்றாவது பெயர்

அன்புள்ள தம்பிக்கு,

போனைத்தான் எடுக்க மாட்டேன் என்கிறாய், தபால்காரன் கொடுப்பதையாவது வாங்குவாய் என்று எழுதுகிறேன். கொழும்பில் மழையாம். அறை ஒழுகுகிறதா? மூன்று வேளையும் கடைச் சாப்பாடுதானா? இங்கே பனி இறங்கிவிட்டது. ஏழு மணி வரைக்கும் எதிர் மலை தெரிவதில்லை. அப்பாவின் கம்பளியைத் துவைத்து வைத்திருக்கிறேன், வந்தால் எடுத்துப் போ.

போன வாரம் ஓய்வூதியக் கோப்பு விஷயமாக வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போனேன். "மகன் லீவா டீச்சர்?" என்று அங்கே ஒருவர் கேட்டார். ஆமாம் என்றேன். என்ன லீவ் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. லீவ் என்றால் படிவத்தை ஒழுங்காக நிரப்பிக் கொடுத்துவிடு. நிரந்தர நியமனம் சின்ன விஷயமில்லை. ஆசிரிய உதவியாளர் என்று நம் பிள்ளைகளை மாதம் 6,000 ரூபாவுக்கு எடுத்தார்களே, அதை 10,000 ஆக்க எத்தனை தடவை கொழும்புக்கு பஸ் ஏறினோம்! அம்மாயி கொழுந்துக் கூடை சுமந்து என்னைப் படிக்க வைத்தாள். நான் 1990இல் முதல் சம்பளம் வாங்கியபோது அந்தக் காசை எண்ணாமல் முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டாள். அதெல்லாம் உனக்குத் தெரியும்.

2021 ஜூலையில் ஆன்லைன் வகுப்பை நிறுத்தினோமே, ஞாபகம் இருக்கிறதா? இலங்கை ஆசிரியர் சங்கத்துப் பொதுச்செயலாளர் ஜோசப் ஸ்டாலினைத் தனிமைப்படுத்தல் என்று முல்லைத்தீவில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். 24 வருஷத்துச் சம்பள முரண்பாடு. தோட்டத்து லயத்துப் பிள்ளைகளுக்கு சிக்னலே கிடையாது, நீங்கள் எதை நிறுத்துகிறீர்கள் என்று ஒரு தகப்பன் மல்லியப்பூ சந்தியில் என்னைப் பார்த்துக் கேட்டான். பதில் சொல்லத் தெரியவில்லை. நீதான் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றாய். அக்டோபர் கடைசியில் பாடசாலைக்குத் திரும்பினோம், அடுத்த ஜனவரியில் கேட்ட சம்பள உயர்வில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தது. கோபக்காரி என்று சொன்னாலும், விலை போனவள் என்று என்னை யாரும் சொன்னதில்லை.

சொன்னதில்லை என்று எழுதிவிட்டு அரைமணி நேரம் பேனாவை வைத்துவிட்டேன்.

உனக்கு யார் சொன்னார்கள் என்று கேட்க மாட்டேன். அந்த வருட இடமாற்றச் சபையில் சங்கத்தின் சார்பில் உட்கார்ந்திருந்தேன். பதினொன்றாவது வரியில் உன் பெயர். மஸ்கெலியாவுக்கு மேலே, பஸ் நிற்கிற இடத்திலிருந்து மூன்று மைல் நடை. நான் ஒன்றும் பேசவில்லை தம்பி. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன், அவ்வளவுதான். தலைமையில் இருந்தவர் என் முகத்தைப் பார்த்தார், உன் பெயருக்கு மேல் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டார். அந்த இடத்துக்கு எட்டு மாதக் கைக்குழந்தைக்காரி ஒருத்தியின் பெயர் ஏறியது. அவள் மேன்முறையீடு செய்தாள். அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுத்ததே நான்தான். வராது என்று தெரிந்துதான் எழுதினேன்.

விடியற்காலை ஐந்தரைக்கு ஹட்டன் பஸ் நிலையத்தில் அவளைப் பார்க்கிறேன், ஒரு கையில் பிளாஸ்க், தோளில் பிள்ளையின் பை. "வணக்கம் டீச்சர்" என்கிறாள். இன்னும் சங்கத்தில்தான் இருக்கிறாள். மாதாமாதம் சம்பளத்தில் சந்தா வெட்டுகிறார்கள். பட்டியலைச் சரிபார்ப்பது நான்.

உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனாலும் என் மேல் உள்ள கோபத்தை வேலை மேல் காட்டாதே. காட்டுவதென்றால் இங்கே வந்து என் முகத்துக்கு நேரே காட்டு. அந்த நாற்காலியில் நீ உட்கார்ந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டு எழுதினேன். அடித்துவிட்டேன்.

சனிக்கிழமை கிளைக் கூட்டம். இதைக் கூட்டத்தில் சொல்ல வேண்டும் என்று இரண்டு தாளில் எழுதி இரண்டையும் கிழித்தேன். மூன்றாவது தாள் மேசையில் இருக்கிறது.

தலைக்கு எண்ணெய் வை. அந்த லீவ் படிவம், அது லீவ் படிவம்தான் என்றால், ஒரு பிரதி கையில் வைத்துக்கொள். அலுவலகத்தில் தொலைத்துவிடுவார்கள்.

அம்மா