கலாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கலா,

விடைத்தாள் திருத்தும் சீசன், அதனால்தான் இவ்வளவு தாமதம் என்றால் நீ நம்பவா போகிறாய்! வாடகை பாக்கிக்காக வீட்டைக் காலி செய்யச் சொன்ன ஒரு குடும்பத்துக்காக, சட்டம் படிக்கும் உன் மகள் நியூயார்க் கோர்ட்டில் எழுந்து பேசினாள் என்று நீ எழுதியதைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் பொறாமையும்தான். அங்கே மேற்பார்வைக்கு ஒரு வக்கீல் இருந்தால் சட்ட மாணவர்களும் வாதாடலாம். இங்கே 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி, பதிவு செய்த வக்கீலுக்குத்தான் அந்த உரிமை. என் சட்டக் கல்லூரி மாணவர்கள் பின்னால் நின்று பார்க்க வேண்டியதுதான்.

ஆனால் ஏழைகளின் வழக்கில் பாதி வேலை கோர்ட்டுக்கு வெளியேதான் கிடக்கிறது. எங்கள் கல்லூரி சட்ட உதவி மையத்து மாணவி ஒருத்தி, இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலராகக் கிளைச் சிறைக்குப் போகிறாள். அங்கே ஒரு கட்டடத் தொழிலாளி. செல்போன் திருட்டு வழக்கு. ஜாமீன் உத்தரவு எப்போதோ வந்துவிட்டது, ஆள் மட்டும் உள்ளேயே இருந்தார். இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டுமாம். அவருக்கு இருப்பது ஓர் அண்ணன், அவரும் வேறு மாவட்டத்தில்! வெளி மாவட்டத்து ஆள் சரிப்படாது என்று யாரோ சொன்னதை நம்பி, அந்த அண்ணன் கோர்ட் பக்கமே வரவில்லை.

1978-இல் மோதி ராம் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் கண்டித்தது இதே சங்கதிதானே? அதுவும் ஒரு கொத்தனார். பத்தாயிரம் ரூபாய் ஜாமீன். சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்தார்கள். தேர்வுக்கு உருப்போட்ட தீர்ப்பை இந்தப் பெண் மனுவில் எழுதிக்கொண்டு வந்தாள். ஜாமீன் கிடைத்தும் ஏழு நாளில் வெளியே வராதவர்களைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் சேர்த்திருந்தாள். ஆணைக்குழு வக்கீல் அதை வைத்துப் பேசினார். நிபந்தனை தளர்ந்தது, ஆள் வெளியே வந்தார்.

மாதிரி நீதிமன்றப் போட்டிக்குக் கோட்டு தைக்கக் காட்டும் ஆர்வத்தில் கால்வாசி இந்த வேலைக்குக் காட்டினால் போதும் என்று எனக்குத் தோன்றும். அங்கே கோப்பை கிடைக்கிறது, இங்கே தாலுகா ஆபீஸ் வராந்தாதான் கிடைக்கிறது. சட்டப் படிப்புக்கான 2008-ஆம் ஆண்டு பார் கவுன்சில் விதிகள் செய்முறைப் பாடங்களைக் கட்டாயமாக்கின. பல இடங்களில் அது ரெக்கார்டு நோட்டு எழுதுவதோடு முடிந்துவிடுகிறது.

அப்புறம் இன்னொன்று. ஜீவனாம்ச வழக்கு போட வந்த ஓர் அம்மா, வருமானச் சான்றிதழ் வாங்கவே பல நாள் அலைந்திருக்கிறார். இலவச சட்ட உதவி பெற பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. அவரிடம் அதைச் சொன்னது ஒரு மூன்றாம் ஆண்டுப் பையன்.

வழக்கறிஞர்கள் சட்டத்தின் 32-ஆம் பிரிவு உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பதிவு செய்யாத ஒருவரையும் குறிப்பிட்ட வழக்கில் ஆஜராக நீதிமன்றம் அனுமதிக்கலாம். அதை வைத்து, ஜீவனாம்ச வழக்குகளில் மட்டுமாவது கடைசி ஆண்டு மாணவர்களை வக்கீல் மேற்பார்வையில் பேச விடுங்கள் என்று கேட்டுப் பார்க்கப் போகிறேன். நிராகரித்தால் நிராகரிக்கட்டும், காரணத்தை எழுத்தில் தரட்டும். உன் மகளின் சட்ட உதவி மையத்தில் கட்சிக்காரரிடம் வாங்கும் ஒப்புதல் படிவமும், மேற்பார்வை வக்கீலின் கடமைகளைச் சொல்லும் தாளும் இருந்தால் அனுப்பச் சொல். மனுவோடு இணைக்க உதவும். பெயர்களை மறைத்துவிட்டு அனுப்பச் சொல்.

அன்புடன்,
செல்வி